பணியிலிருந்தே பட்டம்: செவிலியரும் தொலைநிலைக் கல்வியும்

(அரசு அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் வடிவம்)

ஒரு நாட்டின் மருத்துவ வசதியை அளக்க முற்படுவோர் வழக்கமாக மருத்துவமனைகள் எத்தனை, படுக்கைகள் எத்தனை, மருத்துவர்கள் எத்தனை பேர் என்றே முதலில் கேட்கின்றனர். நோயாளியின் நிலையிலிருந்து பார்த்தால் இக்கணக்கு வேறுபடும். மருத்துவர் நாளொன்றுக்கு ஒரு முறையோ இரு முறையோ வந்து பார்த்துச் செல்கிறார். எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியர். நாடித்துடிப்பு மாறுவதை முதலில் அறிபவரும், மருந்தின் விளைவை முதலில் காண்பவரும் அவரே. ஆகவே செவிலியரின் கல்வித்தரம் என்பது அவர்களுடைய தனிப்பட்ட முன்னேற்றம் பற்றிய செய்தி மட்டுமன்று. மக்கள் நல்வாழ்வின் அடிப்படைகளுள் ஒன்றாகும்.

பட்டயப் பயிற்சி பெற்று, ஏற்கெனவே பணியில் இருக்கும் செவிலியர், பணியை விடாமலே பட்டம் பெறுவதற்குத் தொலைநிலைக் கல்வி எந்த அளவுக்கு உதவ முடியும், அதற்கு ஆகும் செலவை உண்மையில் ஏற்பவர் யார் என்னும் இரு வினாக்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

பழைய பற்றாக்குறை

1943இல் நியமிக்கப்பட்ட போர் குழு, 1946இல் தன் அறிக்கையை அளித்தது. அன்றைய இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்தார் என்று அக்குழு கணக்கிட்டது. 500 பேருக்கு ஒரு செவிலியர் என்ற இலக்கை அது நீண்டகாலத் திட்டமாக முன்வைத்தது. அதே 1946இல்தான் டெல்லியிலும் வேலூரிலும் செவிலியப் பட்டப்படிப்புகள் தொடங்கப்பட்டன. மறு ஆண்டு, 1947இல், இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. எண்ணிக்கையைப் பெருக்குவது, தரத்தை ஒரே சீராக்குவது ஆகிய இரு நோக்கங்களும் இவ்வாறு ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின.

எனினும் எண்ணிக்கையின் நெருக்கடியே நெடுங்காலம் மேலோங்கி நின்றது. மருத்துவமனைகள் தாமே நடத்திய செவிலியர் பள்ளிகளிலிருந்து பட்டயம் பெற்று வெளிவந்தவர்களே வார்டுகளை நிரப்பினர். பயிற்சிக் காலத்திலேயே மாணவியரின் உழைப்பு மருத்துவமனைக்குக் கிடைத்ததால், குறைந்த செலவில் ஆட்களை உருவாக்கும் முறையாக அது அமைந்தது. பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகள் மெல்லவே பெருகின. இதன் விளைவாக நாட்டின் செவிலியரில் மிகப் பெரும்பாலோர், கைத்திறனும் அனுபவமும் நிறைந்திருந்தும், பட்டம் இன்மையால் முதுநிலைப் படிப்புக்கோ கல்லூரி ஆசிரியப் பணிக்கோ செல்ல இயலாத நிலையில் இருந்தனர். செவிலியர் கல்லூரிகளுக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை என்ற குறைபாடும் இதன் மறுபக்கமே ஆகும்.

கல்லூரிக்குச் செல்ல இயலாதவர்கள்

இக்குறையை நீக்க, பட்டயம் பெற்றோருக்கென இரண்டு ஆண்டு முழுநேரப் பட்டப்படிப்பு உருவாக்கப்பட்டது. அடிப்படைப் பயிற்சிக்குப் பிந்தைய பி.எஸ்சி. செவிலியம் என்று இது வழங்கப்படுகிறது. ஆனால் முழுநேரக் கல்லூரிக்குச் செல்வதாயின், செவிலியர் ஒன்று வேலையைத் துறக்க வேண்டும். அல்லது விடுப்புப் பெற வேண்டும். அரசுப் பணியில் உள்ளவர்க்கு இவ்விடுப்பு ஆண்டுக்குச் சிலருக்கே கிடைக்கும். தனியார் மருத்துவமனையில் பணியாற்றுவோருக்கு அதுவும் அரிது. செவிலியரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் மறத்தலாகாது. குழந்தைகளையும் முதியோரையும் விட்டு வேறு நகரில் இரண்டு ஆண்டுகள் தங்குவது அவர்களில் பலருக்கு எண்ணிப் பார்க்கவும் முடியாத ஒன்று.

இத்தகையோருக்கு வேறொரு வழி வேண்டும் என்ற சிந்தனைக்கு நாட்டில் ஏற்கெனவே அடித்தளம் அமைந்திருந்தது. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1982இல் ஆந்திரப் பிரதேசத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1985இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழியே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆனால் கலை, வணிகம் போன்ற பாடங்களை அஞ்சலில் கற்பிப்பது ஒன்று. நோயாளியைப் பேணும் தொழிலைக் கற்பிப்பது வேறொன்று. ஊசி போடுவதையும் பிரசவம் பார்ப்பதையும் தபாலில் அனுப்ப முடியுமா என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது.

1994இல் திறந்த வழி

இவ்வையத்துக்கு விடையாக அமைந்தது, அத்தேசியப் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய பி.எஸ்சி. செவிலியத் திட்டம். இதன் அமைப்பில் ஒரு தெளிவான எல்லைக்கோடு வரையப்பட்டிருந்தது. பள்ளிக்கல்வியை முடித்து நேரே வரும் மாணவர்க்கு இதில் இடமில்லை. பொதுச் செவிலியம், பேறுகாலச் செவிலியம் ஆகியவற்றில் பட்டயம் பெற்று, முறைப்படி பதிவு செய்துகொண்டு, அதற்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர்களே சேரத் தகுதியுடையோர் என விதிக்கப்பட்டது. கைத்திறன் முன்பே வந்துவிட்டது. தொலைவிலிருந்து அளிக்கப்படுவது அத்திறனுக்குப் பின்னால் உள்ள அறிவும், அதனை விரிவுபடுத்தும் பயிற்சியுமே என்பது இதன் கருத்து. இந்தியச் செவிலியர் மன்றம் இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் என்றால், தொலைநிலையில் குறைந்தது மூன்று ஆண்டுகள் என்று காலமும் நீட்டி வைக்கப்பட்டது.

தானே படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் எழுதப்பட்ட அச்சுப் பாடங்கள், ஆசிரியர் திருத்தி அனுப்பும் ஒப்படைப்புகள், செவிலியர் கல்லூரிகளில் அமைந்த படிப்பு மையங்களில் நேர்முக வகுப்புகள், மருத்துவமனையிலும் சமுதாயத்திலும் செய்முறைப் பயிற்சி, ஆண்டு முடிவில் தேர்வு என்பவை இதன் உறுப்புகள். ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல், உளவியல், குழந்தை நலம், தாய்மை நலம், மனநலம், சமுதாய நலம் ஆகியவற்றோடு, செவிலிய நிருவாகம், கற்பிக்கும் முறை, ஆய்வும் புள்ளியியலும் ஆகியவையும் இப்பட்டத்துக்கான பாடங்களில் அடங்கும். கடைசியாகக் கூறப்பட்ட மூன்றும் குறிப்பிடத்தக்கவை. ஆணையை நிறைவேற்றுபவராக இருந்தவரை, வார்டை நடத்துபவராகவும் பிறருக்குக் கற்பிப்பவராகவும் உயர்த்தும் நோக்கம் அவற்றில் தெரிகிறது.

எனினும் இவ்வழி பொது விதியாகிவிடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி விதிமுறைகள், மருத்துவம், பல்மருத்துவம், மருந்தியல் ஆகியவற்றோடு செவிலியத்தையும் தொலைவிலிருந்து பொதுவாகக் கற்பிக்கலாகாத துறைகளின் வரிசையிலேயே வைத்துள்ளன. செவிலியருக்கான தொலைநிலைப் பட்டம் விதிவிலக்காகவே இயங்கி வந்தது. பொறுப்பற்ற நிறுவனங்கள் வெறும் சான்றிதழ்களை விற்பதைத் தடுக்க இத்தடை தேவையானதே. தடைக்கும் விதிவிலக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றுதான்: கற்பவர் முன்பே பயிற்சி பெற்ற செவிலியரா, இல்லையா என்பதே அது.

வார்டே பாடசாலை

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மத்தியப் பிரதேசத்தின் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பத்து ஆண்டுகளாகப் பணியாற்றும் ஒரு செவிலியரைக் கற்பனை செய்துகொள்வோம். எடை குறைந்த குழந்தையைத் துணியால் சுற்றி, வெப்பநிலையைக் குறித்து வைப்பதை அவர் ஆயிரம் முறை செய்திருப்பார். செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டதால் செய்தார். பிறப்பு எடை 2,500 கிராமுக்குக் குறைவான குழந்தையின் உடற்பரப்பு அதன் எடையை நோக்க மிகுதி என்பதையும், தோலுக்கடியில் கொழுப்பு குறைவு என்பதையும், அதனால் உடல் வெப்பம் விரைந்து இழக்கப்பட்டு, இரத்தச் சர்க்கரை குறைந்து, மூச்சும் பாதிக்கப்படும் என்பதையும் பாடப் பகுதியில் அவர் படிக்கிறார். மறுநாள் காலையில் அதே வார்டில், கதவருகே வைக்கப்பட்டிருந்த தொட்டிலை நகர்த்தி வைக்கிறார், குளியலை ஒத்திவைக்கிறார், தாயின் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் முறையைத் தாய்க்குக் காரணத்துடன் விளக்குகிறார்.

கல்லூரி மாணவி பாடத்தைப் படித்துவிட்டு நோயாளிக்காகக் காத்திருக்கிறார். பணியில் உள்ள செவிலியருக்கோ நோயாளி முன்பே இருக்கிறார். பாடம் பின்னால் வருகிறது. படித்தது அன்றே பயன்படுவதால் மனத்தில் நிலைக்கிறது. பட்டம் கைக்கு வருவதற்கு வெகு முன்பே அதன் பயன் நோயாளிகளைச் சென்றடையத் தொடங்கிவிடுகிறது. பணியிலிருந்தபடி கற்பதன் தலையாய சிறப்பு இதுவே எனலாம்.

தன் வேகம் என்பதன் பொருள்

தொலைநிலைக் கல்வியைப் பற்றிப் பேசுவோர், கற்பவர் தம் வேகத்தில் கற்கலாம் என்பதைப் பெரிதும் பாராட்டுவர். இச்சொல்லைச் சற்று உற்று நோக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் முடிக்க இயலாதெனக் குறைந்தபட்சக் காலம் விதிக்கப்பட்டிருக்கையில், தன் வேகம் என்பது விரைந்து செல்லும் உரிமையன்று. தேவைப்பட்டால் தாமதிக்கும் உரிமையே ஆகும். மகப்பேறு, குடும்பத்தில் நோய், இடமாற்றம் ஆகியவை நேரும்போது ஒரு தாளை அடுத்த தேர்வுக்குத் தள்ளிவைக்கலாம். கல்லூரியில் இடைநின்றால் இடமே போய்விடும். இங்கு வரம்புக்குட்பட்ட காலம் வரை இடம் காத்திருக்கும். பெண்களின் வாழ்க்கைக்கு இது பெரும் வசதி.

ஆனால் அவ்வேகத்தை உண்மையில் தீர்மானிப்பது கற்பவரா? முன்னர்க் கூறிய மாவட்ட மருத்துவமனைச் செவிலியரின் வேகத்தை நிருணயிப்பது, வார்டின் சுவரில் தொங்கும் பணிமுறைப் பட்டியல்தான். நேர்முக வகுப்பு நடைபெறும் வாரத்தில் இரவுப் பணி அமைந்தால், அவர் இரவெல்லாம் விழித்திருந்து காலையில் பேருந்து ஏற வேண்டும். வகுப்பு நடைபெறும் கல்லூரி வேறு நகரில் இருக்கலாம். செய்முறைப் பயிற்சிக்கு விடுப்பு மறுக்கப்பட்டால் ஓர் ஆண்டே வீணாகலாம். பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், இந்தி வழியில் பள்ளிக்கல்வி கற்றவர் ஒரு பக்கத்தை இரு முறை படிக்க வேண்டியிருக்கும். கற்பவரின் ஊக்கக் குறைவு என்று ஏடுகளில் பதிவாகும் இடைநிற்றல்களில் பல, உண்மையில் பட்டியலின் குறைபாடுகளே ஆகும்.

செலவை ஏற்பவர் யார்?

பொருளாதார நோக்கில் இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. விளக்கத்துக்காகச் சில அளவுகளைக் கற்பனையாகக் கொள்வோம். 60 செவிலியர் பணியாற்றும் ஒரு மருத்துவமனை, தன் செவிலியருள் ஆறு பேரைப் பட்டதாரிகளாக்க விரும்புகிறது. இரண்டு ஆண்டு முழுநேரக் கல்லூரிக்கு அவர்களை அனுப்பினால், 12 செவிலியர் ஆண்டுகளின் உழைப்பை மருத்துவமனை இழக்கும். மாற்று ஆட்களை அமர்த்தினால் அதற்கு ஊதியம் வேண்டும். அமர்த்தாவிட்டால் எஞ்சியோரின் சுமை பெருகும்.

அவர்களே தொலைநிலையில் படித்து, மூன்று ஆண்டுகளில் தலைக்கு 90 நாள்கள் மட்டும் வகுப்புக்கும் பயிற்சிக்கும் செல்வதாகக் கொண்டால், மொத்த இழப்பு 540 நாள்கள். அதாவது இரண்டு செவிலியர் ஆண்டுகளுக்கும் குறைவு. மருத்துவமனைக்குப் பத்து ஆண்டு உழைப்பு மிச்சமாகிறது. நிருவாகத்துக்கு இது பெரும் இலாபமாகத் தோன்றும்.

அந்தப் பத்து ஆண்டுகள் எங்கிருந்து வந்தன? தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு மதிப்பலகுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கிடுகிறது. அதன் மூன்றாண்டுப் பொதுப் பட்டப்படிப்பு 96 மதிப்பலகுகளாக அமைந்திருந்தது. அந்த அளவையே கொண்டு கணக்கிட்டால், ஒரு பட்டத்துக்கு 2,880 மணி நேர உழைப்புத் தேவை. வகுப்பில் செலவாகும் 90 நாள்களுக்கு, நாளொன்றுக்கு 7 மணி வீதம், 630 மணி நேரத்தைக் கழித்தால் எஞ்சுவது 2,250 மணி. இதனை மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால், வார ஓய்வு நாள் உட்பட, நாள்தோறும் ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். வாரத்துக்கு 48 மணி வீதம் ஆண்டுக்கு 48 வாரம் பணி என்று கொண்டால், ஓர் ஆண்டுப் பணி நேரம் 2,304 மணி. ஆகவே, ஒவ்வொரு செவிலியரும் ஏறக்குறைய ஓர் ஆண்டுப் பணிக்குச் சமமான உழைப்பைத் தம் உறக்கத்திலிருந்தும் வீட்டு நேரத்திலிருந்தும் அளிக்கிறார். ஆறு பேரும் சேர்ந்து அளிப்பது ஆறு ஆண்டுகள். நிருவாகம் மிச்சம் பிடித்ததாகக் கருதும் பத்து ஆண்டுகளில் பாதிக்கு மேல், மிச்சமன்று; இடம் மாறிய செலவே ஆகும்.

பட்டத்தின் பயன் செவிலியருக்கும் உரியதாகையால், செலவில் ஒரு பங்கை அவர் ஏற்பது முறையே என்று கூறலாம். ஆனால் பயன் அவருக்குக் கிட்டுகிறதா என்பதைப் பார்த்தே இவ்வாதத்தை ஏற்க வேண்டும். வார்டில் செவிலியர் பணிக்குப் பட்டயமும் தகுதி, பட்டமும் தகுதி என்ற நிலை பல இடங்களில் உள்ளது. பட்டம் பெற்றவர் அதே வார்டில், அதே ஊதியத்தில், அதே பணியைத் தொடரக்கூடும். முதுநிலைப் படிப்புக்கும் ஆசிரியப் பணிக்கும் கதவு திறக்கிறது என்பது உண்மையே. அக்கதவு வரை செல்ல முடியாதவருக்குக் கிடைப்பது மனநிறைவு மட்டுமே. நோயாளிக்குக் கிடைக்கும் பயனோ முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடுகிறது. பயனில் பெரும்பங்கைச் சமுதாயம் பெறுகையில், செலவில் பெரும்பங்கைத் தனியொருவர் சுமப்பது நீதியும் அன்று. நீடிக்கக் கூடியதும் அன்று.

நிருவாகம் செய்யத்தக்கவை

இக்குறைகளைக் களைய மிகப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. முதலாவதாக, நேர்முக வகுப்பு, செய்முறைப் பயிற்சி, தேர்வு ஆகியவற்றுக்கான நாள்களைப் பணி நாள்களாகவே கருத வேண்டும். மேலே காட்டிய கணக்கின்படி, அதற்காகும் இழப்பு முழுநேரக் கல்லூரிக்கு அனுப்பும் இழப்பில் ஆறில் ஒரு பங்கை எட்டாது. இரண்டாவதாக, வகுப்புக் கால அட்டவணையைப் படிப்பு மையம் முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். செவிலியர் கண்காணிப்பாளர் அதற்கேற்ப இரவுப் பணிமுறையை வகுக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை. மூன்றாவதாக, வசதியுள்ள மாவட்ட மருத்துவமனைகளைச் செய்முறைப் பயிற்சிக்கு அங்கீகரித்தால், செவிலியர் தொலை நகரங்களுக்கு அலைய வேண்டியதில்லை. நான்காவதாக, அச்சுப் பாடங்களுக்குத் துணையாக மாநில மொழிகளில் விளக்கக் குறிப்புகளை அளிக்கலாம். ஐந்தாவதாக, பட்டம் பெற்றவரைப் புதிய செவிலியருக்குப் பயிற்சியளித்தல், நோய்த்தொற்றுத் தடுப்பு, வார்டு மேற்பார்வை போன்ற பொறுப்புகளில் அமர்த்தி, அதற்குரிய ஊதிய உயர்வை அளிக்க வேண்டும். கற்றதைப் பயன்படுத்த இடமளிக்காத நிருவாகம், கல்விக்காகச் செலவிட்டதை அழித்துவிடுகிறது.

இவற்றுள் எதனைச் செய்தாலும் தரத்தில் தளர்வு கூடாது. செய்முறைப் பயிற்சியின் நாள்களைக் குறைப்பது, பார்க்காத பயிற்சிக்குக் கையொப்பமிடுவது ஆகியவை நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகும். கற்பவர்க்குச் சலுகை காட்டத்தக்கது காலத்தில் மட்டுமே, திறமையில் அன்று.

மாணவர் கவனத்துக்கு

செவிலியத் துறையில் உள்ள மாணவர்களும் சில செய்திகளைக் கவனிக்க வேண்டும். எந்தத் திட்டத்திலும் சேருமுன், அதற்கு அவ்வாண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் இசைவும், செவிலியத்துக்கான தேசிய ஒழுங்குமுறை அமைப்பின் இசைவும் உள்ளனவா என்று உறுதிப்படுத்திக் கொள்வது இன்றியமையாதது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய அமைப்பை ஏற்படுத்தும் பொருட்டு, 2023இல் தேசியச் செவிலிய, பேறுகாலச் செவிலிய ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. விதிகள் மாறும் காலத்தில், பழைய செய்திகளை நம்பிப் பணத்தையும் ஆண்டுகளையும் இழக்கக் கூடாது. பதிவு பெறாத ஒருவரை வீட்டிலிருந்தபடியே செவிலியராக்குவதாகக் கூறும் விளம்பரம் எதுவாயினும், அதை ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

சேர்ந்தபின், நாள்தோறும் இரண்டு மணி நேரம் என்ற கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். தேர்வுக்கு முந்திய மாதத்தில் அனைத்தையும் படித்துவிடலாம் என்று எண்ணுவோரே மிகுதியும் தடுமாறுகின்றனர். ஒரே மருத்துவமனையில் இருவரோ மூவரோ சேர்ந்து படிப்பின், பணிமுறையைத் தமக்குள் மாற்றிக் கொள்ளவும், ஐயங்களைத் தீர்த்துக் கொள்ளவும் இயலும்.

செவிலியருக்கும் பேறுகாலச் செவிலியருக்கும் உரிய ஆண்டாக 2020ஐ உலக நல்வாழ்வு நிறுவனம் அறிவித்திருந்தது. அதே ஆண்டில் பரவிய கோவிட் பெருந்தொற்று, எந்த விழாவும் காட்டியிருக்க முடியாத அளவுக்குச் செவிலியரின் இன்றியமையாமையை நாட்டுக்குக் காட்டியது. அப்போது கைகள் தட்டப்பட்டன, மலர்கள் தூவப்பட்டன. அந்நன்றியுணர்வு நிலையான வடிவம் பெற வேண்டுமாயின், அது மருத்துவமனையின் அன்றாட நிருவாகத்தில் தெரிய வேண்டும். வகுப்புக்குச் செல்ல வேண்டிய செவிலியரின் பெயர் அவ்வாரத்தின் இரவுப் பணிப் பட்டியலில் இடம்பெறாதிருக்குமாறு பார்த்துக்கொள்வது ஓர் அதிகாரியின் ஒரு கையெழுத்தில் முடியும் செயல். அப்பட்டியலைத் தயாரிப்பவர்கள் இதனை மனத்திற் கொண்டால், பணியிலிருந்தே பட்டம் என்னும் நோக்கம் செவிலியர் பலருக்கும் கைகூடும். அதன் பயன் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குச் சென்று சேரும்.